மஞ்சள் கால் உள்ளான்

அந்தப் பறவையைக் கண்டுபிடித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் இதைச் சொல்வதில்லை.

கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால், கடல் வற்றும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். என் தாய்மாமா அங்கே ஒரு துரைக்குச் சம்பான் படகு ஓட்டினார். துரை சனிக்கிழமைதோறும் பறவை சுடுவார். தின்பதற்கு அல்ல, தோலை உரித்துப் பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு. கூட்டங்கூட்டமாக மேயும் உள்ளான்களுக்கு நடுவே, துரையின் பெட்டியில் இல்லாத பறவை எது என்று மாமா கைகாட்ட வேண்டும். அந்தக் கண்ணுக்காகத்தான் துரை அவரை வைத்திருந்தார்.

சம்பானில் கசியும் தண்ணீரைப் பால் டின்னால் இறைத்துக் கொட்ட என்று சொல்லி மாமா என்னை அழைத்துப் போவார். படகு சேற்றோரம் வந்ததும், துரைக்குக் கேட்காத குரலில், "என்ன தெரியுது, சொல்லு" என்பார்.

நான் சொல்வேன். உள்ளான்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மேலே சாம்பல், கீழே வெள்ளை, நீண்ட கால், நீண்ட அலகு. காலின் நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சேற்றை அறியாதவர்கள். கொஞ்ச நேரம் மேய்ந்தால் செங்கால் உள்ளானுக்கும் பச்சைக்கால் உள்ளானுக்கும் ஒரே சேற்றுக்கால்தான். பறக்கும்போது பார்க்க வேண்டும். செங்காலுக்கு இறக்கையின் பின்னோரத்தில் அகலமாக வெள்ளை தெரியும். பச்சைக்காலுக்கு இறக்கை முழுக்கக் கறுப்பு, முதுகில் மட்டும் வெள்ளை. பறக்காவிட்டால் அலகு. செங்காலுக்கு நேர் அலகு, பச்சைக்காலுக்கு நுனி சற்றே மேல்நோக்கியிருக்கும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. தண்ணீர் இறைத்த கையோடு நானே பார்த்துப் பார்த்துப் பிரித்தது.

நான் சொன்னதை மாமா மலாயில் தம் சொல்லாகத் துரைக்குச் சொல்வார். "துவான், கிரி" என்று இடப்பக்கம் கையை நீட்டுவார். துரை தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, உனக்கு இருப்பது கழுகின் கண் என்று மெச்சுவார். மாமா பல் தெரியச் சிரிப்பார். எனக்குப் பால் டின்னை அவர் தலையில் போடலாம் போலிருக்கும்.

சும்மா பொறுத்துக்கொள்ளவில்லை நான். அந்த வருடத்தோடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். ரயில்வே கொட்டகையில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு, பொம்பளைப் பிள்ளை இவ்வளவு இங்கிலீஷ் படித்ததே அதிகம் என்று பட்டது. மிஷன் பள்ளியில், மாதச் சம்பளம் கட்டாமல் படிக்கச் சம்பளமில்லாத இடம் உண்டு. ஆனால் பெரிய மனிதர் யாராவது பரிந்து பேச வேண்டும். மாமா என்னிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"இத்தனையும் பார்த்துச் சொன்னது எம் மருமவதான்னு துரைகிட்ட சொல்லிப்புடுறேன். அப்புறம் ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசமாட்டாரா?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருந்தேன். ஒரு வாரம் துரைக்கு மனசு சரியில்லை என்றார். ஒரு வாரம் மழை. பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். ஆண்டுப் பரீட்சையும் முடிந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை, பச்சைக்கால் உள்ளான்களின் கூட்டத்தில் ஒன்று வேறாக நடந்தது. மற்றவை நிமிர்ந்து நிதானமாக நடக்க, அது தலையைக் குனிந்துகொண்டு நண்டுகளைத் துரத்தி ஓடியது. கால் குட்டை. அலகு தடிமன்.

"என்ன தெரியுது?" என்றார் மாமா.

"நீங்களே பாருங்க மாமா. உங்களுக்குத்தானே கழுகுக் கண்ணு."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் சேற்றையே பார்த்தார். கடைசியில் கையை நீட்டினார். அது வெறும் செங்கால் உள்ளான். துரை தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டு முகம் சுளித்தார்.

நான் எழுந்து நின்றேன். சம்பான் ஆடியது. "நோ, சார்" என்று தொடங்கி, பள்ளியில் படித்த இங்கிலீஷில், கண்டல் மர வேருக்கு இடதுபுறம் தலைகுனிந்து ஓடுகிறதே அதுதான் என்றேன். துரை என்னைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், சுட்டார்.

பறவையை எடுத்துவர மாமா சேற்றுப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்திக்கொண்டு போனார். படகிலிருந்து துரை இடது, வலது என்று கத்த வேண்டியிருந்தது. பறவையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, கையால் துழாவி எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. துரை சிரிக்கவில்லை.

பறவையின் காலைத் துரை கடல்நீரில் கழுவினார். மஞ்சள். இத்தனை வருடத்தில் இதைக் கண்டதில்லை என்றவர், இதற்கு முன் மாமா கைகாட்டியவை யார் கண்டவை என்று என்னைக் கேட்டார். எல்லாம் நான்தான் சார் என்றேன். மாமா பால் டின்னை எடுத்துத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்.

துரை பள்ளியில் பேசினார். எனக்குச் சம்பளமில்லாத இடம் கிடைத்தது. அடுத்த வாரமே சம்பானுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மாமா தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கொப்பரை உலர்த்தப் போனார். பொய் சொன்னதற்குக் கிடைத்த கூலி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான், மீன் கழுவிக்கொண்டே அம்மா மாமாவின் பேச்சை எடுத்தார்.

"அப்பவே அவனுக்கு ரெண்டு கண்ணுலயும் படலம்டி. கிட்ட நிக்கிற ஆளு முகமே மங்கலாத்தான் தெரியும்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா நீ துரைகிட்ட சொல்லிப்புடுவியோன்னு பயந்தான். நீதான் வாயுள்ள புள்ளையாச்சே."

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கண்ணை இரவல் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என் படிப்பைக் காட்டி ஏமாற்றிப் பறித்துக்கொண்டார். வாய் பேசுகிறவள் என்று என்னைச் சொல்கிற வீடு, வாக்குத் தவறியவர் என்று அவரை ஒருநாளும் சொன்னதில்லை. பார்வையில்லாத ஆள் என்று துரைக்குத் தெரிந்தால் அவருக்குப் பிழைப்பில்லை. பார்த்தது நான் என்று தெரியாவிட்டால் எனக்குப் படிப்பில்லை. அந்தச் சம்பானில் ஒருவருக்குத்தான் இடம் இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது.

மஞ்சள் கால் உள்ளானைச் சுட்ட அன்று மாலை படகை விட்டு இறங்கிய பிறகு, கண்டல் காட்டுக்குள் போடப்பட்டிருந்த ஒற்றைப் பலகைப் பாதையில் நான் முன்னால் நடந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாமா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். இறுக்கமான பிடி. கோபத்தில் பிடிக்கிறார், பள்ளத்தில் தள்ளினாலும் தள்ளுவார் என்று நினைத்தேன்.

"விடுங்க மாமா."

விட்டுவிட்டார். பாதையின் முடிவுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அவர் விட்ட இடத்திலேயே நின்று, ஒரு காலை நீட்டி அடுத்த பலகையைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் காக்கவைக்க வேண்டுமென்றே செய்கிறார் என்று எண்ணி, நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.