முன்னால் வந்த எதிரொலி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

என் வீடு ஜாலான் புசாரில், வேலை நெட்வொர்க் பராமரிப்பு. ஞாயிறு மதியமானால் நானும் துவாஸ் தொழிலாளர் தங்கும் விடுதியில் இருக்கும் செல்வமும் ஜூரோங்கில் இருக்கும் பிரபுவும் ஒரு பழைய போர் விளையாட்டு ஆடுவோம். அதை விற்ற கம்பெனி சர்வரை இழுத்து மூடிப் பல வருடமாகிறது. புதியதை வாங்கு என்கிறார்கள், அதில் பளபளப்பைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. அதனால் விபிஎன் போட்டு, மூன்று கணினிகளும் ஒரே அறையில் இருப்பதாக அந்த விளையாட்டை ஏமாற்றி ஆடுகிறோம். நடத்துவது நான். லேக் அடிக்கிறவனை, அதாவது குரலும் அசைவும் தாமதமாக வந்து சேருகிறவனை, கேட்காமல் கொள்ளாமல் தூக்கி வெளியே போடுவது என் வழக்கம். பாஸ்வேர்ட் 1234. செல்வம் என்கிற மேதைக்கு அதற்கு மேல் நினைவில் நிற்காது.

அன்று நாலாவதாக ஒருவன் நுழைந்தான். திரையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். 1234-ஐ எந்த முட்டாளும் கண்டுபிடிப்பான் என்று விட்டுவிட்டேன். அவன் ஆடவில்லை, மைக்கை மட்டும் திறந்து வைத்திருந்தான். ஹெட்போனில் காற்றாடி கீச்சிட்டது, எங்கள் வீட்டுக் காற்றாடியின் அதே கீச்சு. பிறகு எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டது. நம்பினால் நம்புங்கள், கொஞ்ச நேரத்தில் என் மனைவி நூர் சமையலறையில் நிஜமாகவே தட்டைக் கீழே போட்டாள்.

"பாய், உங்க மைக்தான் எக்கோ அடிக்குது," என்றான் செல்வம்.

"என் மைக்க ஆஃப் பண்ணித்தான் வச்சிருந்தேன் லா. ஒனக்கு நெட்வொர்க் பத்தி என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் யோசித்தேன். எதிரொலி பின்னால் வரும், முன்னால் வருமா?

அடுத்து, பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஹெட்போனில்: "நூரு, மழை லா! துணிய எடு!" வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில். எவனோ ஆட்டம் காட்டுகிறான் என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் இருட்டிக்கொண்டு கொட்டியது, மல்லிகா அக்கா வாசலில் நின்று கத்தினார், அதே வார்த்தை, அதே இழுப்பு.

"பாய், எனக்கு பயமா இருக்கு. ஏதாவது ஓதுங்க," என்றான் செல்வம்.

"பேய்க்கு யாருடா வைஃபை கனெக்‌ஷன் குடுத்தா?"

அப்போதுதான் ஹெட்போனில் நூர் அழுதாள். "மச்சான், கண்ணத் தொறங்க மச்சான்..." அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் அந்தப் பெயரில்லாதவனைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன்.

திரும்பினால், நூர் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "யார்கிட்ட கத்துறீங்க மச்சான்?" என்றாள். எனக்கு உயிர் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்களுக்குக் குழந்தை இல்லை, டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கடைசிச் சத்தம் பொய், ஏதோ ஒரு வெட்டிப்பயலின் வேலை. செல்வத்திடம் அப்படித்தான் அடித்துச் சொன்னேன், கோழைப் பயலே என்றும் சேர்த்துத் திட்டினேன்.

இப்போது நூருக்கு எட்டாம் மாதம். இரண்டு வீட்டிலும் கொண்டாட்டம். நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், சிரித்தேன், அவளிடம் எதையும் சொல்லவில்லை.

நான் இன்னும் நம்பவில்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஞாயிறு தவறாமல் நெட்வொர்க்கைத் திறந்து வைக்கிறேன். பாஸ்வேர்டை மாற்றவில்லை. எவ்வளவு லேக் அடித்தாலும் யாரையும் வெளியே போடுவதில்லை. அந்தப் பெயரில்லாதவன் திரும்ப வந்தால் மிச்சத்தையும் கேட்டுவிட வேண்டும், நான் கண்ணைத் திறந்தேனா என்று.