மாளவிகாவின் பெயருக்கு மட்டும் பூஜ்யம்

மீன் வாசனையே ஆகாத வீட்டில் பிறந்த பெண் மீனைப் பற்றி எழுதுகிறாள், ஊரே ஓடிவந்து வாங்குகிறது என்றால் ஜான்சிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஜான்சி சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மந்தைவெளித் தெருக்களில் கூடை சுமந்து கூவி விற்றவள். மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, தி.நகரில் மீன் விற்கும் ஓர் இணையதளத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருஷத்தில் அதன் சர்வர் மொத்தத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தாள்.

அவளுடைய பெருமையெல்லாம் காலை ஆறு மணி அறிவிப்புதான். தளத்துக்கு வருகிறவர்களிடம் பிரவுசர் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்கும். சரி என்று அழுத்தியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி கிடைக்கும். அப்படி ஒன்பதாயிரம் முகவரிகள் ஜான்சியிடம் இருந்தன. கரையிலிருந்து இன்ன மீன் வந்திருக்கிறது என்று போன் வந்ததும் சர்வர் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பும். செய்தி நேராக ஆளிடம் போகாது. பிரவுசர் கம்பெனி நடத்தும் தபாலாபீஸ் மாதிரியான ஓர் இடத்துக்குப் போகும். ஆளின் போன் அணைந்திருந்தால் அங்கே காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை அனுப்புகிறவர்தான் சொல்ல வேண்டும். ஜான்சி மூன்று மணி நேரம் என்று வைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு மேல் நல்ல மீன் இருக்காது, அதற்குப் பிறகு போகும் செய்தி பொய் என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

ஆறு வருஷமாக அந்தச் செய்தி ஒரே மாதிரிதான் போனது. "இன்று: வஞ்சிரம், சங்கரா, நெத்திலி." முந்நூறு பேர் செய்தியைத் தொட்டுத் திறந்து பார்ப்பார்கள். யாரும் பாராட்டவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை.

அப்புறம் கோபாலபுரத்திலிருந்து மாளவிகா வந்தாள். எழுதுவதற்கென்றே மூன்று மாதச் சோதனை வேலை. மதியம் ஜான்சி பக்கத்தில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்துகொண்டு, புது மீனை எப்படித் தெரிந்துகொள்வது, நெத்திலியை ஏன் தலை கிள்ளி ஆயாமல் வறுக்கக்கூடாது என்று தோண்டித் தோண்டிக் கேட்பாள். ஜான்சியும் வாய் ஓயாமல் சொல்வாள். மறுநாள் காலை ஒன்பதாயிரம் பேருக்கு இப்படிப் போகும்: "சங்கராவின் கண்ணைப் பாருங்கள். இந்நேரத்துக்கு உங்களைவிடத் தெளிவாக விழித்திருக்கிறது."

ஆயிரத்து நூறு பேர் தொட்டார்கள். முதலாளி செந்தில்குமார் மாளவிகா பெயர் எழுதிய கேக் வாங்கிவந்து வெட்டினார். ஜான்சிக்கும் ஒரு துண்டு வந்தது, க்ரீம் இல்லாத ஓரத்துண்டு. தன் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கியெடுத்து ஒருத்தி பெயர் வாங்குகிறாளே என்று அன்று பஸ்ஸில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே வீடு போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். மாளவிகா தன் பெயரில் நுழைந்து அனுப்பும் செய்தி என்றால் காத்திருக்கும் நேரம் பூஜ்யம். அந்த நொடியில் ஆளின் போன் தொடர்பில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் தபாலாபீஸ் அங்கேயே தூக்கிப் போட்டுவிடும். காலை ஆறு மணிக்குப் பாதிப் பேர் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். மீதியில் பலருக்கு லேப்டாப் மூடிக் கிடக்கும். சர்வருக்கு மட்டும் "பெற்றுக்கொண்டோம்" என்று ஒழுங்காகப் பதில் வந்துவிடும். எங்கே தேடினாலும் தப்பு தெரியாது.

தொட்டவர்கள் இருநூறு பேராகக் குறைந்தார்கள். ஜான்சி பாண்டிபஜாரில் புதுச் செருப்பு வாங்கினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு நல்ல பசி.

மாத முடிவுக்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால் வேலை கிடையாது என்று செந்தில்குமார் மாளவிகாவிடம் சொல்லிவிட்டார். அவள் பத்து விதமாக எழுதிப் பார்த்தாள். சிரிப்பாக, சமையல் குறிப்பாக, ஒரு நாள் வெறும் நான்கு வார்த்தையாக. எழுதியதையெல்லாம் ஜான்சியிடம் காட்டி எங்கே தப்பு என்று கேட்டாள். ஜான்சி ஒவ்வொன்றையும் படித்து, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் யோசி என்றாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாதக் கடைசியில் மாளவிகா தானாகவே வேலையை விட்டாள். போகும்போது முதலாளியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றாக அமைந்த வரியெல்லாம் ஜான்சி அக்கா சாப்பாட்டு நேரத்தில் சொன்னதுதான், நான் எழுதி மட்டும் வைத்தேன், இனி அவரையே எழுதச் சொல்லுங்கள் என்றாளாம். செந்தில்குமார் இதை வந்து சொன்னபோது ஜான்சி தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் நிரலில் சேர்த்த அந்த வரியை அழித்துவிட்டுத் தானே எழுதி அனுப்பினாள். ஆயிரம் பேர் தொட்டார்கள். மறுபடி கேக் வந்தது. இந்த முறை அவள் பெயர், க்ரீம் நிறைந்த துண்டு. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சாயங்காலம் நேராகக் கோபாலபுரம் போனாள்.

மாளவிகா வாசலுக்கே வந்தாள். ஜான்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"உன் எழுத்துக்கு ஒண்ணும் ஆவல மாளவிகா. நான்தான் உன் செய்திய ஆளுங்க கைக்குப் போவாம பண்ணேன். பொறாம. வேற இன்னான்னு சொல்றது."

மாளவிகா கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு எழுதவே வராதுன்னு ஒரு மாசமா அழுதுண்டிருந்தேன் அக்கா. ஒவ்வொண்ணையும் கொண்டுவந்து உங்ககிட்டதானே காட்டினேன். அதை வாங்கிப் படிச்சுண்டு, தெரிஞ்சுண்டே இருந்தேளா?"

ஆமாம் என்றாள் ஜான்சி. கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

தெருவில் நின்றபடியே செந்தில்குமாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.  அவர், சர்வர் வேலை வேறு யாருக்கும் தெரியாது, காலையில் வந்து செய்தியை அனுப்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். மாளவிகாவை அவரே கூப்பிட்டுப் பேசினார். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு ஜான்சி அனுப்பினாள். தபாலாபீஸிலிருந்து பதில்கள் வரிசையாக வந்தன. பெற்றுக்கொண்டோம், பெற்றுக்கொண்டோம். நடுவில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது: இந்த முகவரி இனி இல்லை. அறிவிப்பே வேண்டாம் என்று ஒருவர் தம் பிரவுசரில் நிறுத்திவிட்டால் அப்படித்தான் வரும். ஆபீஸ் ஆட்களின் முகவரிகளுக்குப் பக்கத்தில் பெயர் போட்டு வைத்திருந்ததால் அது யாருடையது என்று ஜான்சிக்குத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரல் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இனி மாளவிகாவே மனம்வைத்துத் தளத்துக்கு வந்து சரி என்று அழுத்தினால்தான் உண்டு. சர்வர் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவளிடம் கேட்க ஜான்சிக்கு ஒரு வழியும் இல்லை.