அந்தக் கழுத்தில் இருந்த ஒரே தைராய்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் டாக்டர் ருக்மணியின் கணவர் போன் செய்தார். "ருக்மணி போயிட்டாளுங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா, அவ்வளவுதானுங்க" என்றார்.

கணபதி பகுதியில் அவர் நடத்திய பரிசோதனைக்கூடம் உங்களில் பலருக்குத் தெரியும். என்னைப் போன்ற அறுவை மருத்துவர்கள் வெட்டியெடுத்து அனுப்பும் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. பக்கத்துப் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடினால் அவருடைய மேசை அதிரும். அதனால் சிக்கலான ஸ்லைடுகளைப் பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்துக்கென்று எடுத்து வைத்திருப்பார். நான் அவசரக்காரன். ரிப்போர்ட் கேட்டு நச்சரித்தால், "அவங்க சோறு திங்கட்டுமுங்க, அப்பறம் சொல்றேன்" என்பார்.

நாலு வருஷத்துக்கு முன் அவிநாசியிலிருந்து ஒரு தாய், பத்தொன்பது வயது மகளை என்னிடம் கூட்டி வந்தார். கழுத்தின் நடுவில், குரல்வளைக்கு மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் தழும்பு ஆற வேண்டுமே என்று அந்த அம்மா அவசரப்பட்டார். அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் நீர்க்கட்டிதான். ஆனாலும் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை. நான் பார்க்கவில்லை. கட்டியை வெட்டியெடுத்து ருக்மணிக்கு அனுப்பிவிட்டேன்.

வழக்கம்போல, ரிப்போர்ட் எழுதுமுன் ருக்மணி போன் செய்தார். "டாக்டர், இது நீர்க்கட்டி இல்லீங்க. நல்ல தைராய்டு. கீழ வேற தைராய்டு இருந்துச்சுங்களா, பாத்தீங்களா?"

அதன் பிறகு ஸ்கேன் எடுத்தோம். தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமில்லை. பிறவியிலேயே இடம் மாறி மேலே நின்றுவிட்ட, அவளுக்கிருந்த ஒரே தைராய்டை நான் வெட்டி எறிந்திருந்தேன். இனி ஆயுள் முழுக்க மாத்திரை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவருடைய கூடத்துக்கே போய், ரிப்போர்ட்டில் வெறும் நீர்க்கட்டி என்று எழுதிவிடச் சொன்னேன். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்றேன். பயந்தது எனக்காகத்தான். அவர் கோபப்படவில்லை. அவிநாசிக்குத் தானும் கூட வருவதாகவும், நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "எடுத்ததைத் திருப்பி வெச்சுப்போட முடியாதுங்களா?" என்றார். நான் ருக்மணியைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமலே கல்யாணம் நடந்தது. மாமியார் கண்ணில் படும் என்று பயந்து அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மறு வருஷம் முகம் வீங்கி, பேச்சு இழுத்து, கரு கலைந்த நிலையில் வந்தாள். மறுபடியும் அதே மாத்திரையைத்தான் எழுதினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் வரவில்லை.

நீங்களாவது என்னை மன்னித்தீர்களா என்று ருக்மணியிடம் ஒருநாள் கேட்டேன். "நான் மன்னிக்க என்னங்க இருக்குது? அந்தப் பொண்ணுதானுங்க மன்னிக்கோணும்" என்றார்.

அவர் நினைவாக நான் வைத்திருப்பது அந்தப் பதிலை மட்டும்தான். அந்தப் பெண்ணின் வீடு எனக்குத் தெரியும். கூட வர ருக்மணி இல்லை. தனியாகப் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.