ஏழாம் லயத்தில் தொங்கிய ரேடான் குப்பிகள்

1. கட்டிய நாள்

முப்பத்தாறு வருசம் தேயிலைக் கொழுந்து பறித்து ரிட்டயர் ஆனவள் நான். அதற்கப்புறம் ஏலப்பாறைப் பக்கத்து லயங்களில், அதாவது எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளில், ரேடான் பார்க்கும் வேலைக்குப் போனேன். கூட்டிப் போனது ஒரு காலேஜ் மேடம்.

ரேடான் ஒரு வாயு. பாறையிலும் மண்ணிலும் இருந்து வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. வெளியே வந்தால் காற்றோடு கலைந்து போகும். தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறினால், அடைத்த வீட்டில் தங்கிவிடும். வருசக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்று வரலாம். பீடி குடிக்கிறவனுக்கு இன்னும் மோசம்.

இதைப் பிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி, அதற்குள் ஒரு துண்டு பிலிம். தலை உயரத்தில் நூலில் தொங்கவிட வேண்டும். சன்னல் பக்கமும் அடுப்புப் பக்கமும் கூடாது. மூணு மாசம் யாரும் தொடக்கூடாது. பிறகு பிலிமில் ரேடான் விட்ட தடத்தை லேபில் எண்ணுவார்கள்.

ஏழாம் லயத்தில் கடைசி வீடு செல்வியுடையது. தரை வெடிப்பில் என் சுண்டுவிரல் போனது. அதன் மேல்தான் பாய் விரித்து நாலு உயிர் படுக்கும். பூசித் தரச் சொல்லி அவள் கொடுத்த மனு எல்லாம் எஸ்டேட் ஆபீசில் கிடந்தது.

"எக்கா, இதுலயாவது ஒரு வழி பொறக்குமா?"

"அளவு கூடுதலா வந்தா பூசித்தான் ஆகணும்" என்றேன்.

2. எடுத்த நாள்

குப்பி எடுக்கப் போன அன்று மழையும் மஞ்சும், கை விறைக்கிற குளிர். லயம் முழுக்கக் கதவும் சன்னலும் விரியத் திறந்து கிடந்தன. மஞ்சு காலத்தில் சன்னல் இடுக்கில் சாக்குத் திணிக்கிற ஆட்கள் நாங்கள். செல்வியின் சின்னது கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏளா, என்னத்துக்குத் தொறந்து போட்டிருக்க?"

"லைன் செக்கிங்தானக்கா? குப்பி இருக்க வரைக்கும் வீடு காத்தோட்டமா இருக்கணும்னு எஸ்டேட் பீல்டு ஆபீசர் சொல்லிட்டாரு."

"ராத்திரியுமா?"

"பின்ன? குப்பி பாத்துக்கிட்டே இருக்கும்லா?"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. லைன் செக்கிங் என்று லயத்தைப் பார்க்க ஆபீசர் வந்தால் வீட்டைக் கூட்டி, கதவு சன்னலைத் திறந்துவைத்து, வாசலில் கைகட்டி நிற்பது வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். அதே மரியாதையை மூணு மாசமாகக் குப்பிக்கும் செய்திருக்கிறார்கள். குப்பி பிடித்தது மலைக்காற்றை, வீட்டுக்குள் தங்குகிற வாயுவை அல்ல.

3. ஒப்பு

எஸ்டேட் ஆபீசில் பீல்டு ஆபீசர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அம்மச்சி, இதுல ஒரு ஒப்பு போடு."

"என்ன எழுதிருக்கு? வாசிங்க சார்."

"வாசிச்சா உனக்கு மனசிலாகுமா?"

"தமிழ்ல சொன்னா ஆகும்."

எரிச்சலோடு வாசித்தார். வீடுகள் வழக்கம்போல் அடைத்திருந்தன என்று இருந்தது.

"தொறந்துல்ல கெடந்துச்சு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"காத்து வரட்டும்னு நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"காத்து நல்லதுதான். அளந்து முடிச்சப்புறம் சொல்லிருக்கணும். நாங்க எப்படிக் கெடக்கோமோ அப்படி அளந்தாத்தான் அளவு."

"நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"அதை மேடம் சொல்லட்டும். காலையில பேர் கூப்பிடுற உங்க பிரட்டுல நான் இப்ப இல்ல."

காகிதத்தை அப்படியே மேடத்திடம் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. "மறுபடியும் அளந்தா இன்னும் மூணு மாசம் ஆகுமே அம்மா?"

"ஆகட்டும் மேடம். இந்த அளவு ரிப்போர்ட்டுல போச்சுன்னா செல்வி வீட்டுத் தரையை ஜென்மத்துக்கும் பூச மாட்டாங்க."

இந்த அளவு செல்லாது என்று மேடம் ஏழாம் லயத்துத் தாளில் குறுக்கே கோடு போட்டார்.

புதுக் குப்பி கட்டும்போது வீடு வீடாகச் சொன்னேன்: "இது விருந்தாளி இல்ல. நீங்க எப்பவும்போல இருங்க." சாக்கெல்லாம் சன்னலுக்குத் திரும்பியது. இந்த முறை செல்வி வீட்டில் அளவு எல்லையைத் தாண்டியது. மேடம் ரிப்போர்ட்டோடு நேரே மேனேஜரிடம் போனார். வெடிப்பை அடைத்துத் தரை பூசினார்கள். அடியில் தேங்கும் வாயு வெளியே போக, தரைக்கு அடியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாயும் வைத்தார்கள்.

பூச்சு காய்ந்ததும் அங்கே இன்னொரு குப்பி கட்டினேன். பீல்டு ஆபீசருக்குப் பொறுக்கவில்லை.

"பூசியாச்சுல்ல, இனி எதுக்கு?"

"பூசினது போதுமான்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது சார். தள்ளி நில்லுங்க, நூல் ஆடுது."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். குப்பி எடுக்கப் போனால் முதலில் கதவைப் பாருங்கள். அப்புறம் வீட்டுக்காரியைக் கேளுங்கள். ஆபீசைக் கடைசியாகக் கேட்டால் போதும்.