மலைக்குப் போகுமுன் ஒரு போன் நம்பர்

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் என் வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. தரையிலிருந்து மொட்டை மாடி வரை எழுபத்திரண்டு படிகள். கடந்த ஒன்றரை மாதமாக, தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, எட்டு கிலோ இட்லி அரிசியை ஒரு பெரிய பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு இந்தப் படிகளைப் பத்து முறை ஏறி இறங்குகிறேன். பிறகு அதே பையோடு தெருவில் இறங்கி, பூங்காவை நாலு சுற்று நடந்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்புகிறேன். அரிசியை ஊறப்போடுவதும் இல்லை, அரைப்பதும் இல்லை. அதுபாட்டுக்கு ஊர் சுற்றிவிட்டு வந்து சமையலறை மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், பெங்களூர் போனவர்களுக்கு இப்படியெல்லாம் ஆகுமா என்று நினைக்கலாம். ஆகும். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் இங்கே ஒன்று மாலில் சுற்றுவார்கள், இல்லாவிட்டால் மலை ஏறுவார்கள். எனக்கு மால் அலுத்துவிட்டது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கடைமடை. வரப்புதான் எங்களுக்கு மேடு. நான் ஏறிய அதிகபட்ச உயரம் பள்ளிக்கூட மாடி. அதுவும் வெள்ளம் வந்த வருஷம், பாயும் சட்டியுமாக ஊரே ஏறியபோது கூட ஏறியது. வேலை கிடைத்து பெங்களூர் வந்த முதல் ஜூலை மாதம் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஆபீஸ் போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது நாற்பத்து மூன்று வயது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிக் கொடுத்தது எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சநாச்சமே கிடையாது. என் சொந்த விஷயம் என்றால் மட்டும் வாய் திறக்காது.

இந்த மலை விவகாரத்தைத் தொடங்கியது நானல்ல. டீமில் ஐந்து பேர் சேர்ந்து, உத்தராகண்டில் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் ஒரு பனிமலைக்குப் போவதாகத் திட்டம் போட்டு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். மரியாதைக்கு என்னையும் சேர்த்தார்கள். சாப்பிடும் நேரத்தில் வந்தவரிடம் ‘சாப்பிடுங்களேன்’ என்று சொல்வோமே, அந்த மாதிரி. ‘இப்பதான் ஆச்சு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவதுதான் முறை. நான் இலை போட்டு உட்கார்ந்துவிட்டேன். ‘நானும் வருகிறேன்’ என்று எழுதியதும் அரைமணி நேரம் குழுவில் சத்தமே இல்லை. பிறகு ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அதன்பின் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஒருவனுக்கு ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலை கிடைத்தது, ஒருவனுக்கு முட்டிவலி, இரண்டு பேர் காரணமே சொல்லவில்லை. ‘ஷூ வாங்கியாச்சு’ என்று நான் போட்ட செய்திதான் அந்தக் குழுவின் கடைசிச் செய்தி. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

அப்படியும் ஏன் விடவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருடமாக லீவு என்றால் எனக்கு ஊர்தான். போய் இறங்கிய இரண்டாம் நாளே ‘எப்ப கெளம்புற?’ என்பார்கள். அன்போடுதான் கேட்பார்கள். இங்கே திரும்பினால் ‘ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?’ என்பார்கள். அதுவும் அன்புதான். ஒரு தடவையாவது இந்த இரண்டு கேள்வியும் இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது.

ஷூ வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்த பெண் இந்தியில், “யாருக்கு மேடம், மகனுக்கா?” என்று கேட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் அதை விளக்க ஆரம்பித்தால் கடை சாத்தும் நேரமாகிவிடும். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு போட்டுப் பார்க்க வேண்டுமே! அவன் காலும் என் காலும் ஒரே அளவு என்று சமாளித்து, கடையில் வைத்திருந்த சரிவுப் பலகையில் நானே ஏறி இறங்கிப் பார்த்தேன். “உங்கள் மகனுக்குப் பாதம் அகலம்” என்றாள் அனுதாபமாக. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இல்லாத மகனுக்காக அல்ல, அது மட்டும் நிச்சயம்.

எல்லாம் தயாரான பிறகு, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒரு படிவம் வந்தது. மலையேற்றம் நடத்துகிறவர்களில் ஒரு பெண் வீடியோ காலில் விளக்கினாள். உயரத்தில் தலை வலித்தால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் சமாளிக்கிறவர்களைத்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது என்றாள். பிறகு எமர்ஜென்சி காண்டாக்ட் என்ற கட்டத்துக்கு வந்தாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதற்கான கட்டம். என்னோடு மலைக்கு வராதவராக இருக்க வேண்டும், நான் போவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அழைத்தால் எடுக்க வேண்டும். அவர்களே கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். பத்து நாளுக்குள் அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அம்மா தம்பியோடு இருக்கிறாள். அவனைக் கூப்பிட்டேன்.

“மலைக்கா? இந்த வயசுல எதுக்குக்கா?” என்றான். பிறகு, “என் நம்பர போட்டுடாதக்கா. நான் கடைக்குப் போனா போனு வூட்லதான் கெடக்கும். அம்மா எடுத்துட்டா போச்சு, பிரஷர் ஏறிடும். அங்கயே யாரையாச்சும் போடேன். பதினோரு வருஷமா இருக்க, ஒருத்தர்கூடவா இல்ல?” என்றான்.

“இருக்காங்க, இருக்காங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு என் போனில் உள்ள பெயர்களை அ முதல் ஃ வரை பார்த்தேன். கேஸ், தண்ணீர் கேன், பிளம்பர், மாவுக் கடை, ஆறு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை வந்த ஆட்டோக்காரர், ஆபீஸில் மதியச் சாப்பாடு மட்டும் சேர்ந்து சாப்பிடும் இரண்டு பேர். நெருக்கமாக இருந்த ஒருத்தி கனடா போய்விட்டாள். இங்கே பகல் என்றால் அங்கே தூங்கிக்கொண்டிருப்பாள். மதியச் சாப்பாட்டுத் தோழி ஒருத்தியின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் செத்துப்போனால் சொல்வதற்கு உன் நம்பர் வேண்டும் என்று, குழம்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒருத்தியிடம் எப்படிக் கேட்பது? மலையைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. இந்தக் கட்டம் காலியாகவே இருந்துவிடுமோ என்பதுதான் பயம். பதினோரு வருடத்தில் ஓர் ஆளைக்கூடச் சம்பாதிக்கவில்லை என்று ஒரு படிவம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவம் வந்த நாலாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால், கேட்டில் டு-லெட் பலகை தொங்குகிறது. கன்னடத்தில் ஏதோ எழுதி, கீழே ஆங்கிலத்தில் மூன்றாவது மாடி என்று போட்டிருந்தது. மூன்றாவது மாடியில் இருப்பது ஒரே வீடு, என் வீடு. ஓனர் ரத்னம்மா தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். கன்னடக்காரர், வரிசையாகத் தமிழ்க் குடித்தனக்காரர்களை வைத்தே தமிழ் பேசப் பழகியவர். மரியாதைக்குச் சேர்க்கும் ‘ரீ’ மட்டும் கன்னடத்திலேயே இருக்கும். ஐந்து வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் தண்ணீர், குப்பை, கரண்ட் மூன்றும்தான். போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து என்னை நானே டெஸ்டிங் செய்துகொண்டிருந்தேன். ஷூ சத்தம் தொந்தரவா, தண்ணீர் அதிகம் செலவழிக்கிறேனா, தனியாக இருப்பவளுக்கு வீடு கொடுத்தது போதும் என்று தோன்றிவிட்டதா. மூன்று நாள் இப்படிப் போனது. காலையில் கேட்டருகே கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அவரை மூட்டையோடு கடந்து போனேன். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஓசூர் பக்கம். “அக்கா, கீழ ஓனரம்மா வீட்டப் பாத்துட்டு வரச் சொன்னாங்க” என்றாள் அந்தப் பெண். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கதவை விரியத் திறந்து, நான் குடியிருக்கும் வீட்டை நானே சுற்றிக் காட்டினேன். சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினேன், பாத்ரூம் தாழ்ப்பாளை எப்படி லேசாகத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

“தண்ணி எப்டிக்கா?”

“காவேரி ஒரு நாள் விட்டு ஒரு நாள். மத்த நாளு போர் தண்ணி.”

கடைமடையில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் ஓர் உறுத்தல். எங்கள் வாய்க்காலுக்குப் பல வருடம் வந்து சேராத காவேரி இங்கே மூன்று மாடி ஏறி வருகிறது. அதில்தான் நான் பல் தேய்க்கிறேன், அதில்தான் சோறு வடிக்கிறேன். யாரிடம் கோபித்துக்கொள்வது?

“வீடு நல்லாத்தான இருக்கு. நீங்க எங்கக்கா போறீங்க?” என்று கேட்டாள்.

“மலைக்கு” என்றேன். சந்நியாசம் என்று நினைத்தாளோ என்னவோ, மேற்கொண்டு கேட்காமல் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கும்போது கட்டிலை ஜன்னலோரம் போடலாம் என்று அவனிடம் சொன்னது கேட்டது. ஐந்து வருடத்தில் எனக்குத் தோன்றாத இடம். அப்போதுதான் பொறுக்கமுடியாமல் போனது. தரையிலேயே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவள் பன்னிரண்டாயிரம் அடியில் போய் என்னத்தைச் சொல்லப் போகிறேன்? அந்த ஜோடி தெருமுனை திரும்பியதும் கீழே இறங்கி ரத்னம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“ஆன்ட்டி, நான் என்ன தப்பு பண்ணேன்? ஏன் காலி பண்ணச் சொல்றீங்க?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “நானா சொன்னேன்? நீங்கதானே ரீ, தினா காத்தால மூட்டை தூக்கிட்டு போறீங்க! ரெண்டாவது மாடில இருந்தவங்களும் இதே மாதிரிதான். தினம் ஒரு பை, ஒரு பை. கடைசில சாவியை பால் கவர்ல போட்டுட்டு போயே போயிட்டாங்க. உங்களை நான் கேட்டேனே, ஊருக்கான்னு. தலை ஆட்டுனீங்களா இல்லையா?”

ஆட்டியிருந்தேன். பத்து முறை படி ஏறி இறங்கிய மூச்சிரைப்பில் பேச முடியாமல், என்ன கேட்கிறார் என்றும் கவனிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தேன். மூட்டையோடு திரும்பி வரும் ஏழு மணிக்கு அவர் பூஜையில் இருப்பார். போவதை மட்டும் தினமும் பார்த்திருக்கிறார், வருவதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

“எனக்குக் கோபம் இல்லை ரீ. பேஜாரு, மனசுக்குக் கஷ்டம். அஞ்சு வருஷம் இருந்துட்டு ஒந்து மாத்து சொல்லாம போறாங்களேன்னு” என்றார். ஒரே ஒரு வார்த்தை. அவரிடமிருந்து நானும் மூன்று நாளாக அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே போய்ப் பையை எடுத்துவந்து அவர் முன்னால் திறந்து காட்டினேன். உள்ளே கையை விட்டு அரிசியை அள்ளிப் பார்த்தார். “அக்கி! இட்லி அக்கியை எதுக்கு ரீ தினம் ஊர்வலம் கூட்டிட்டு போறீங்க? தலை கெட்டுப்போச்சா?” மலை, பனி, முதுகில் பாரம் சுமந்து பழகுவது எல்லாவற்றையும் சொன்னேன். “தனியாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையின் வாரைப் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கேட்டுக்குப் போய்ப் பலகையைக் கழற்றிவந்து கதவுக்குப் பின்னால் சாத்தினார். தூக்கி எறியவில்லை. ஓனர் ஓனர்தானே.

அந்தத் தைரியத்தில் படிவத்தைப் பற்றிச் சொல்லி, அவர் நம்பரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாற்பத்து மூன்று வயதில்தான் அழப் பழகினேன். “போட்டுக்கோங்க, அதுக்கென்ன” என்றார். போனில் படிவத்தைத் திறந்து அவர் எதிரிலேயே நிரப்பினேன். அடுத்த கட்டம் உறவுமுறை. கணவர், பெற்றோர், உடன்பிறந்தவர், நண்பர், மற்றவை என்று ஐந்துதான் இருந்தன.

“உங்கள என்னன்னு போடறது ஆன்ட்டி?”

“ஓனர்னு போடுங்க. வேற என்ன?”

மற்றவை என்று போட்டேன். பத்து நாள் கெடுவில் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அப்பாடா என்று நான் எழுந்தபோது ரத்னம்மா கேட்டார்: “சரி ரீ, ஏதாவது ஆச்சுன்னா அவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் யாருக்குச் சொல்லணும்?”

எங்கே உடையும் என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தோன்றவே இல்லை. படிவத்தில் போடாதே என்றுதானே தம்பி சொன்னான், இவரிடம் கொடுக்காதே என்று சொல்லவில்லையே. அவன் நம்பரைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி, பிறகு கன்னடத்தில் ஏதோ தட்டினார். பஸ் பலகையைத் தாண்டிக் கன்னடம் படிக்கத் தெரியாதவள் நான். என்ன பெயர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“உங்க நம்பர் ‘தேர்ட் ஃப்ளோர்’னு இருக்கு. இது ‘தேர்ட் ஃப்ளோர் ஊரு’.”

போன பொங்கலுக்கு ஊரில் என் போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடியபோது, தம்பி தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தான். திரையில் என்ன பெயர் வந்தது என்று அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘பெங்களூர்’ என்று வந்தது. மலையில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஈஜிபுராவில் இருக்கும் இந்தப் போன் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அந்தப் போனைக் கூப்பிடும். இதில் நான் மூன்றாவது மாடி, அதில் நான் பெங்களூர். என் பெயர் இரண்டிலும் இல்லை.