கதவோரப் பையில் இருந்த கேமரா

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்காருவது சரியா என்று தெரியவில்லை. எனக்கு எழுதிப் பழக்கமெல்லாம் பம்ப் ஹவுஸ் லாக் புத்தகத்தில்தான்: மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தீவில். புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக் கதவோரம் ஆணியில் ஒரு பை தொங்கும். சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் வந்த பழக்கம் அது. ரேஷன் கார்டு, பாஸ்புக், டார்ச், எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டியிருப்போம். நிலம் ஆடினால் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் இருந்த என் அண்ணன் வீட்டில் அப்போது அப்படி ஒரு பை இல்லை. அண்ணன் அலையோடு போனார். உடல் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பமும் போயிற்று. அவருக்கு ஒரு படம்கூட மிச்சமில்லை. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அண்ணி சும்மா மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றுவார்.

மூன்று வருடத்துக்கு முன், மெயின்லாந்துக்கு மாற்றலான ஓர் அதிகாரி வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் ஃபிரிட்ஜையும் கட்டிலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவை வாங்கி வந்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். அண்ணன் முகம் எனக்கே மறந்துகொண்டு வந்தது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

வாங்கினேனே தவிர எதை எடுப்பது என்று தெரியவில்லை. மனிதர்களை எடுக்க ஆசை. ஆனால் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டால் கேமரா தானாகக் கீழே இறங்கிவிடும். அதனால் கடலை எடுத்தேன். கடல் திரும்பிப் பார்க்காது. விடுமுறை கிடைத்தால் கடல், சூரியன், மறுபடி கடல். அபர்டீன் பஜாரில் பிரிண்ட் போடும் ஸ்டூடியோக்காரர் தெலுங்கர். எல்லாரையும் ‘பாய்’ என்று கூப்பிட்டு இந்தி கலந்துதான் பேசுவார். ஒருநாள் என் படங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

“பாய், படம் அச்சாதான் இருக்கு. ஆனா இதே சன்செட்டு டிராவல்ஸ் காலண்டர்ல பன்னெண்டு மாசமும் இருக்கே.”

மனைவி அந்த அளவு இரக்கம்கூடக் காட்டவில்லை. “ஒரு மனுசன் மூஞ்சிகூட இல்லையேங்க. தண்ணி வந்து வாரிட்டுப் போன மறுநாள் மாதிரி இருக்கு” என்றாள். சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு பல மாதம் நான் கேமராவைத் தொடவே இல்லை. இருந்தாலும் அதைத் தூக்கிப்போட மனமில்லை. வீட்டில் காப்பாற்ற வேண்டிய பொருள் எதுவோ அது கதவோரப் பையில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, ரேஷன் கார்டோடு சேர்த்துச் சுற்றி, இன்னும் ஒரு முடிச்சு அதிகமாகப் போட்டு மாட்டினேன். மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே தொங்கியது.

இந்த வருடம் அண்ணி ஹட் பேயை விட்டு ஒரேயடியாகக் கிளம்பினார். மகள் தூத்துக்குடியில் இருக்கிறாள். சென்னைக் கப்பல் ஏறும் முன் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். முட்டி வலி. இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். என் ஆல்பத்தை மடியில் வைத்துப் பொறுமையாகப் புரட்டினார்.

“கடல எதுக்கு தம்பி இத்தன வாட்டி எடுத்திருக்கிய? அது எங்கயும் போயிராது” என்றார். கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “நாளைக்கி என்னைய எடுங்க” என்றார்.

மூன்று வருடமாக நான் தேடியதை அவர் ஆல்பத்தை மூடுவதற்குள் சொல்லிவிட்டார். அன்று இரவு முடிச்சை அவிழ்த்தேன். பேட்டரியை சார்ஜில் போட்டேன். இந்த ஒரு படம் சரியாக வந்தால் இனி முகங்களைத்தான் எடுப்பது, வராவிட்டால் கேமராவை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

துறைமுக கேட்டுக்கு வெளியே, பெட்டிகளுக்கு நடுவில் அண்ணி நின்றார். சாரல் அடித்தது. கேமராவைத் தூக்கினேன்.

“கடலப் புடிக்கும்போது இப்பிடித்தான் கை ஆடுமா? நேராப் பாருங்க. நான் ஒண்ணும் கடிச்சிர மாட்டேன்.”

பார்த்தேன். அண்ணியின் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. அண்ணன் செத்த பிறகு குற்றவாளிபோல அவர் முன் தலை குனிந்தே இருந்துவிட்டேன். ஒரு தடவை அழுத்தினேன். சின்னத் திரையில் படம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. சாரல் என்று நினைத்தேன். அதற்குள் உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

கப்பல் போன பிறகு நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். முகம் முழுவதும் பால் ஊற்றினதுபோல இருந்தது. கண் எது, கன்னத்து மச்சம் எது என்று தெரியவில்லை. அவர் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலைபோல வெள்ளை இழைகள். பூஞ்சை. ஈரத்தை உள்ளே அடைத்து, காற்று படாமல் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பையைப் பற்றிச் சொன்னேன். அவர் டார்ச்சை அணைத்தார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும்.

லென்ஸை மெயின்லாந்துக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இதைப் பிரிண்ட் போட்டு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். போடுங்கள் என்றேன். கேமராவை அங்கேயே வைத்துவிட்டுப் படத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கப்பல் அந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை நில்லுங்கள் அண்ணி என்று சொல்ல முடியாது. முன்பும் இப்படித்தான் ஒரு முகம் போனது.

மறுநாள் காலை ஷிப்டு. ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன், பத்து மணிக்கு நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்து, கேமரா இருந்த இடத்தில் அந்தப் படத்தை வைத்துக் கட்டி, ஆணியில் மாட்டினேன்.