வந்துவிட்டது என்று சொல்ல ஒரு வெள்ளைத் துண்டு

என் பீரோவின் அடித்தட்டில் இரண்டு துண்டுகள் வெகுகாலம் மடித்தபடியே கிடந்தன. ஒன்று, கல்யாணத்தின்போது தஞ்சாவூரிலிருந்து என்னோடு வந்த வெள்ளை ஈரிழைத் துண்டு. மற்றது, இங்கே கல்கத்தாவில் வங்காளிகள் தோளில் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கட்டம் போட்ட காம்சா. இரண்டும் நைந்து போனவை. ஈரம் துடைக்கக்கூட உதவாது. மருமகள் ஒருமுறை பீரோவை ஒழுங்கு செய்தபோது இவற்றைப் பழந்துணி மூட்டையில் சேர்த்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாளே தவிர ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இவை ஒரு காலத்தில் எனக்கு வாயாக இருந்தவை என்றா?

என் வீட்டுக்காரர் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தார். சிக்கனமான மனிதர். செருப்பு அறுந்தால் தைத்துத் தைத்துப் போடுவார். டிராமில் இரண்டாம் வகுப்பில்தான் ஏறுவார். ஆனால் கடையில் புதிதாக ஒரு சாமான் வந்து உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தால் அந்தச் சிக்கனமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. ஆபீஸ் விட்டு வரும் வழியில் அந்தக் கடை ஜன்னல் முன்னால் நின்று பார்த்துவிட்டு வருவார். மறுநாளும் நிற்பார். பிறகு ஒரு நாள் அது வீட்டுக்கு வந்துவிடும். மிக்ஸி அப்படித்தான் வந்தது, டேப் ரிக்கார்டரும் அப்படித்தான். கொஞ்ச நாள் பொறுத்தால் விலை இறங்குமே என்று நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பேன். நேருக்கு நேர் பார்த்துப் பேசும் பழக்கம் எனக்கு அவரிடம்கூடக் கிடையாது. அவர் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "விலை இறங்கும், சரி. வயசு இறங்குமா?"

கலர் டிவி வந்த புதிதில், டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் சந்தில் முதலில் அதை வாங்கியது அவர்தான். அப்போது அதில் காட்டுகிற நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளையில்தான் வந்துகொண்டிருந்தன. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்கினார். மொட்டைமாடியில் ஆண்டெனாவைக் கட்டிவிட்டு, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். படம் தெளிவாக வந்தால் முதல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று "வந்துடுச்சு" என்று நான் கத்த வேண்டும். எனக்கு அது முடியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இந்த ஊர் பாஷையில் நான் அதுவரை ஒரு வாக்கியம் பேசியதில்லை. இதில் தமிழில் வேறு கத்துவதா? அவர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு வாங்கினாரே தவிர கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு துண்டுகளையும் உருவி என் கையில் கொடுத்தார். படம் புள்ளி புள்ளியாக இருந்தால் ஜன்னல் வழியே சிவப்புக் கட்டத்தை நீட்ட வேண்டும், தெளிவாக வந்தால் வெள்ளை. மேலிருந்து கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக்கொள்வார்.

அன்றைக்குச் சிவப்பைத்தான் வெகுநேரம் நீட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு பௌதிக்கு என் கை தெரிந்திருக்கிறது. அண்ணியை இங்கே பௌதி என்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவது. என்னமோ ஏதோ என்று அவள் மாடியேறி வந்துவிட்டாள். டிவியைப் பார்த்தாள், என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், விஷயம் புரிந்து இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் படம் பளிச்சென்று நின்றதும், நான் வெள்ளையை நீட்டுவதற்குள் அவளே ஜன்னலில் தலையை விட்டு "எஷே கேச்சே" என்று சந்தே கேட்கும்படி குரல் கொடுத்தாள். வந்துவிட்டது என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் வங்காளப் பேச்சு அதுதான்.

சாயங்காலம் சந்தில் பாதி எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. டிவியில் செய்தி ஓடியது, கறுப்பு வெள்ளையில். அதன் பிறகு ஏதோ ஒரு பேச்சு, அதுவும் கறுப்பு வெள்ளை. பௌதியின் வீட்டுக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கலர் கோத்தாய், மதராசி பாபு?" என்றார். கலர் எங்கே என்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அடுக்களைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கூச்சமே இல்லை. "வந்துக்கிட்டே இருக்கு தாதா. வர்றப்போ வீடு தயாரா இருக்கணும் இல்லையா?" என்று தமிழிலும் வங்காளத்திலும் கலந்து அடித்தார். தாதா என்றால் இங்கே அண்ணன். அதற்குப் பிறகு ஒரு பாட்டு நிகழ்ச்சி கலரில் வந்தது. பாடின பெண்ணின் புடவை கத்தரிப்பூ நிறம். பௌதி என் பக்கம் திரும்பி, புடவையே இந்த நிறமா, இல்லை உங்கள் பெட்டி பண்ணுகிற வேலையா என்று கேட்டாள். "ஜானி நா" என்றேன். தெரியாது என்று சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு ஏன் அத்தனை பேரும் கைதட்டினார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. மறுநாளிலிருந்து பௌதி தினமும் மேலே வந்தாள். மீனும் கடுகெண்ணெயும் மணக்கிற அவள் வீட்டுக்கு நானும் போனேன். இந்த ஊர் எனக்கு ஊரானது அப்படித்தான்.

கலர் நிகழ்ச்சிகள் நிறைய வரத் தொடங்கிய காலத்தில் எங்கள் டிவிக்கு வயதாகிவிட்டது. முகமெல்லாம் செங்கல் நிறத்தில் தெரியும். பொறுத்திருந்து வாங்கினவர்கள் வீட்டில் எங்களதைவிட நல்ல படம், எங்களதைவிட மலிவாக. அவசரப்பட்டுவிட்டோம் என்று அவர் ஒரு நாளாவது நினைத்தாரா? கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கூச்சம். இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

இதெல்லாம் இந்த வருஷம் ஒரு வைஃபை பெட்டியால் ஞாபகம் வந்தது. என் மகனும் மருமகளும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள். கூடத்தின் இந்த மூலையில் அவன், அந்த மூலையில் அவள். மருமகள் இந்த ஊர்ப் பெண், என்னை 'மா' என்பாள். இருவரும் யாரிடமோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் இருக்கும் என் அறையில் வைஃபை வராது. பழைய வீடு, சுவர் அவ்வளவு கனம். போனின் சொந்த சிக்னலும் அங்கே ஒரு கோடுதான் காட்டும். எனக்கு வைஃபை வேண்டியிருந்தது என் அக்காவுக்காக. தஞ்சாவூரில் அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். குரல் உள்ளே போய்விட்டது. கூடத்தில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தால் இரண்டு ஆபீசின் சத்தத்தில் அவள் பேசுவது கேட்காது. கேட்டாலும் அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. சாப்பிட்டாயா, மருந்து எடுத்தாயா, அதோடு சரி. என் அறைக்குப் போனால் அவள் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். ஒரு நாள் கூடத்தில் பேசும்போது, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன். "உன்கிட்ட தனியா ஒரு தடவை பேசணும்டி" என்றாள். என்ன விஷயம் என்று கேட்பதற்குள் மகனின் ஆபீசில் யாரோ சிரித்தார்கள்.

இதை நான் மகனிடம் சொன்னது அடுத்த வாரம்தான். அவனுக்கு அப்பாவின் ரத்தம். அப்போதுதான் கடைக்கு வந்திருந்த புது வகைப் பெட்டி ஒன்றைக் காட்டினான். எங்கள் பழைய பெட்டி மாதிரி பல பெட்டிகள் வாங்கலாம் போல விலை. வீடு முழுக்கப் பாயும், பல வருஷத்துக்குக் கவலை இல்லை, எப்படியும் ஒரு நாள் வாங்கத்தானே போகிறோம் என்றான். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டி பேசுகிற புதுப் பேச்சு நம் போன்களுக்குத் தெரியாது, அதிலும் மாவின் போனுக்குச் சுத்தமாகத் தெரியாது என்றாள். கேபிள்காரர் தருகிற லைனில் வருவதுதானே பெட்டியில் வரும் என்றாள். முதலில் வருகிற பெட்டிகளில் கோளாறு இருக்கும், வாங்கினவர்கள் பட்டுத் தெளியட்டும், துர்கா பூஜை சமயத்தில் விலை குறைப்பார்கள் என்றாள். புது அலை பக்கத்தில் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் பழசைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்று எங்கேயோ படித்தாளாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இதில் பாதி புரியாது என்றுதான் நினைத்தேன். எல்லாமே புரிந்தது. கலர் டிவியும் கறுப்பு வெள்ளைச் செய்தியும்தானே இது.

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். மருமகள் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "பூஜை வரைக்கும் அக்கா இருப்பாளாப்பா?" என்றேன். மருமகளே மகன் போனை எடுத்து ஆர்டர் போட்டாள்.

பெட்டி வந்தது. கறுப்பாக, நாலாபுறமும் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிற நண்டு மாதிரி. நான் அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். புது சாமானுக்கெல்லாம் வைக்கிற வழக்கம், அந்த டிவிக்கும் வைத்ததுதான். மகன் அதைக் கூடத்து ஷோகேஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தான். நீ ரூமுக்குப் போய்ப் பாரும்மா என்றான். போனேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அக்கா வரவில்லை. அவன் கூடத்திலிருந்து வருதா, வருதா என்று கேட்கிறான். மருமகள் ஆபீஸ் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தாள், அவர்கள் காதில் விழும்படி நான் எப்படிக் கத்துவது? என் கை தானாக பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. சிவப்புக் கட்டத்தைக் கதவுக்கு வெளியே நீட்டினேன்.

மகனின் குரல் வேறு மாதிரி வந்தது. "அப்பா சிக்னலாம்மா?"

அவன் சின்னவனாக இருந்தபோது ஒவ்வொரு கோடைப் புயலுக்கும் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும், நாங்கள் இதே வேலையைச் செய்வோம். அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து என் அறை வரை நடந்து பார்த்தான். நடுவில் இருக்கிற பாத்திர அலமாரியைத் தாண்டினதும் கோடுகள் படுத்துவிடுகின்றன. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுச்சுவர் முழுக்க அந்த அலமாரிதான். எனக்குச் சீராக வந்தது, மாமியாருக்கு வந்தது என்று எவர்சில்வர் குடமும் தவலையும் அடுக்கும் மேலே வரை நிரம்பியிருக்கும். ஊரிலிருந்து ரயிலில் சுமந்து வந்தவை, இதுவரை ஒன்றையும் நான் விட்டதில்லை. கனமான சுவர் கொஞ்சமாவது விடுகிற அலையை என் குடம் எப்படித் தடுத்தது என்று எனக்கு இன்னும் வியப்புதான். மகன் நீள வயர் ஒன்றைத் தேடி எடுத்து, பெட்டியைக் கொண்டுபோய் என் அறைக்கு எதிரே நடைப் பரணின் விளிம்பில் வைத்தான். வட்டம் நின்றது. நான் வெள்ளைத் துண்டை நீட்டினேன். அதற்குள் பேச்சை முடித்துவிட்ட மருமகள், பௌதி விஷயம் தெரியாமலே, "எஷே கேச்சே" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஒரு ஆசை. "பழசையும் அங்கேயே வெச்சுப் பாரேன்" என்றேன். மகன் முகம் சுண்டிவிட்டது. வேண்டா வெறுப்பாக மாற்றி வைத்தான். வெள்ளைத் துண்டைத்தான் மறுபடியும் நீட்ட வேண்டியிருந்தது. மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, இப்போது நாம் அவசரப்பட்ட முட்டாள்கள், கொஞ்ச வருஷம் கழித்து இது தேவைப்படும், அன்றைக்கு வாங்கலாம் என்றாள். மகனும் சிரித்துவிட்டான். குங்குமத்தைத் துடைத்து, நண்டை அது வந்த அட்டைப்பெட்டியிலேயே அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படியானால் அதை வாங்கியது வீணா? நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேபிள்காரர் வைத்த இடத்திலேயே பழைய பெட்டி இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது, ஒருவரும் நகர்த்திப் பார்க்கவில்லை. புதுசு வந்ததால்தானே எழுந்து நடந்து பார்த்தார்கள்? கறுப்பு வெள்ளை காட்டிய அந்தக் கலர் டிவிதானே பௌதியை மாடியேற்றியது? பொருள் தருவது ஒன்று, அது வந்ததால் நடப்பது ஒன்று. இருந்தாலும் யாராவது என்னைக் கேட்டால், முதலில் வீட்டில் இருப்பதை இடம் மாற்றிப் பாருங்கள், உங்கள் போன் அந்தப் புதுப் பேச்சைப் பேசுமா என்று விசாரியுங்கள், பேசாது என்றால் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். காத்திருக்க முடியாத காரியம் இருந்தால், அது வேறு கணக்கு. அவரிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

பெட்டியை இடம் மாற்றி வைத்த அன்று மதியமே அக்காவைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் முகம் நிற்காமல் அசைந்தது. தன் மருமகளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, கதவு சாத்தின சத்தம் கேட்கும்வரை பேசாமல் இருந்தாள். சொத்து விஷயமோ, பிள்ளைகள் மேல் குறையோ என்று நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

"பயமா இருக்குடி" என்றாள். "இங்க யார்கிட்டயும் சொல்ல முடியல. தைரியசாலின்னு பேர் வாங்கிட்டேன்."

"எனக்கும்தான்க்கா" என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கதவைத் திறந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. மகனும் மருமகளும் ஆபீஸ் பேச்சைக் காதுக் கருவிக்குள் அடக்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் கதவைக் காட்டினான். வெளிக் கைப்பிடியில் போட்டுவைத்த வெள்ளைத் துண்டை நான் எடுக்க மறந்திருந்தேன், அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒருவரும் கதவைத் தட்டவில்லையாம்.

அந்தத் துண்டு இப்போது பீரோவில் இல்லை. என் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் மகன் ஒரு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறான். அக்காவோடு பேச உட்காரும்போது அதை அங்கே மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அடித்தட்டில் சிவப்புக் கட்டம் மட்டும் தனியாக மடித்துக் கிடக்கிறது.